பன்றிக்கு ஒரு வழக்கு, வீட்டுக்கு ஒரு வழக்கு



அமெரிக்க அடிமை முறை என்றால் நமக்கு என்ன தெரியும்? கப்பல் தெரியும். சங்கிலி தெரியும். பருத்திக் காடு தெரியும். ஆபிரகாம் லிங்கனைத் தெரியும். அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி மார்ட்டின் லூதர் கிங்கிடம் வந்து நின்றுவிடுவோம். நடுவில் ஏறத்தாழ நூறு வருடம் கிடக்கிறதே, அந்த நூறு வருடமும் அந்த மக்கள் என்ன செய்தார்கள்? உலகத்தில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார்கள். உழுதார்கள், அறுத்தார்கள், கடன் வாங்கினார்கள், கடன் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள், கையில் நாலு காசு சேர்ந்தால் நிலம் வாங்கினார்கள். பக்கத்து நிலத்துக்காரன் எல்லையை நகர்த்தினால் வக்கீல் வீட்டுப் படியேறினார்கள்.

அந்தப் படியேற்றத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் தங்கள் சொத்துக்காக நீதிமன்றம் போனார்கள். போனவர்களுக்கு என்ன கிடைத்தது? யாருக்குக் கதவு திறந்தது? யாருக்குச் சாத்தியது? ஏன் அப்படி?

எந்தச் சொத்து வழக்காக இருந்தாலும் நீதிமன்றம் இரண்டு கேள்விதான் கேட்கும். உன் கையில் என்ன காகிதம் இருக்கிறது? உனக்காகச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்? இந்த இரண்டு கேள்வியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் ஒவ்வொரு கதையிலும் இவை வரும்.

முதலில் மிசிசிப்பி ஆற்றங்கரைக்குப் போவோம். நாட்செஸ் என்று ஓர் ஊர். பருத்திப் பணக்காரர்களின் ஊர். அங்கே வில்லியம் ஜான்சன் என்று ஒரு நாவிதர். 1809-ல் அடிமையாகப் பிறந்தவர். 1820-ல், பதினொரு வயதில், அவருடைய எஜமானர் மாநிலச் சட்டமன்றத்துக்கு மனுப் போட்டு அவரை விடுவித்தார். அந்த எஜமானர் பெயரும் வில்லியம் ஜான்சன்தான். இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம். பையன் தொழில் கற்றான், கடை வைத்தான், கடையைப் பெருக்கினான். ஊரின் வெள்ளைக்காரப் பெரிய மனிதர்கள் எல்லாம் அவர் கத்திக்குக் கழுத்தை நீட்டியவர்கள். நீட்டியதோடு நிற்கவில்லை, அவரிடம் வட்டிக்குக் கடனும் வாங்கினார்கள். திருப்பித் தராதவர்கள் மீது அவர் வழக்குப் போட்டார். 1835 முதல் 1851 வரை நாட்குறிப்பு எழுதினார். இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் போகும். அவர் இறந்து நூறு ஆண்டு கழித்துத்தான், 1951-ல், அது நூலாக அச்சேறியது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஜான்சனும் அடிமைகளை வைத்திருந்தார். அடிமையாகப் பிறந்தவர், அடிமைகளை வாங்கினார். நம் கதாநாயகர்களைக் கழுவித் துடைத்து மேடையில் ஏற்றும் பழக்கம் எனக்கு இல்லை. அந்த ஊரில் சொத்து என்றால் அதுதான் சொத்து. அவரும் அந்த ஊர்க்காரர்தான்.

ஜான்சனுக்கு ஊருக்கு வெளியே நிலம் இருந்தது. பக்கத்து நிலம் பெய்லர் வின் என்பவருடையது. எல்லைத் தகராறு வந்தது. என் நிலத்து மரத்தை வெட்டிக்கொண்டு போகிறான் என்று ஜான்சன் சொன்னார். ஆள் வைத்து அளந்தார். வழக்குப் போட்டார். வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்தது. கவனியுங்கள்: அடிமை முறை கொடிகட்டிப் பறந்த மிசிசிப்பியில், 1851-ல், ஒரு கறுப்பினத்தவர் எல்லை வழக்கில் நீதிமன்றம் போய் வென்றிருக்கிறார்.

அந்த வெற்றிக்கு ஆயுள் குறைவு. 1851 ஜூன் 16 அன்று ஜான்சன் நிலத்தைப் பார்த்துவிட்டுக் குதிரையில் திரும்பிக்கொண்டிருந்தார். உடன் அவருடைய மகன், கடையில் தொழில் பழகும் ஒரு பையன், ஓர் அடிமை. வழியில் துப்பாக்கிச் சூடு. சுட்டது வின்தான் என்று சொல்லிவிட்டு ஜான்சன் உயிர் விட்டார்.

பார்த்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் கறுப்பினத்தவர். மிசிசிப்பிச் சட்டப்படி வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்ல முடியாது. வின் என்ன செய்தான்? நான் கறுப்பினத்தவன் இல்லை என்று வாதாடினான். ஊருக்கே தெரியும், அவனைக் கலப்பினத்தவன் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். வழக்கு கொலையை விட்டுவிட்டுக் கொலையாளியின் பாட்டன் யார், பூட்டன் யார் என்ற ஆராய்ச்சியில் இறங்கியது. சுமார் இரண்டு ஆண்டு இழுத்தது. கண்ணால் பார்த்த மூவரில் ஒருவரையும் கூண்டில் ஏற்ற முடியவில்லை. வின் வெளியே வந்தான்.

நிலத்துக்கு எல்லை உண்டு, அதை நீதிமன்றம் காக்கும். நிலத்துக்காரனின் உயிருக்கு? காகிதம் இருந்தது. பேச வாய் இல்லை. வாய் இருந்தது, அதைத் திறக்கச் சட்டம் இல்லை.

ஜான்சன் ஒருவர்தானா இப்படி வழக்காடியவர்? இல்லை. கிம்பர்லி வெல்ச் என்ற வரலாற்றாசிரியர் மிசிசிப்பி, லூசியானா மாநிலங்களின் பழைய மாவட்ட நீதிமன்றக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்து 2018-ல் ஒரு நூல் எழுதினார். உள்நாட்டுப் போருக்கு முன்பே அங்கே கறுப்பின மக்கள் ஈடுபட்ட வழக்குகள் ஆயிரத்துக்கு மேல் அவருக்குக் கிடைத்தன. கடன் பாக்கி, கூலி பாக்கி, மாடு, நிலம் என்று எல்லா வகையும். 1857-ல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது, மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது என்று சொன்னது. மேலே அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கீழே, மாவட்டத்தில், ஒரு கறுப்பினப் பெண் தன் பாக்கியைக் கேட்டு வழக்காடிக்கொண்டிருந்தாள். சட்டப் புத்தகத்தை மட்டும் படிப்பவர்களுக்கு இது தெரியாது. சட்டக் கல்லூரி மாணவர்களே, நீங்கள் கட்டுகளைப் பிரித்துப் படியுங்கள்.

வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே உள்நாட்டுப் போர் வந்தது, போனது. 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. 1866-ல் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. ஒப்பந்தம் செய்யலாம், வழக்குத் தொடரலாம், சாட்சி சொல்லலாம், சொத்து வாங்கலாம், விற்கலாம், வாரிசாக வரலாம், வெள்ளையருக்கு எப்படியோ அப்படியே என்றது சட்டம். சாட்சி சொல்லலாம்! அந்த ஒரு வார்த்தை பதினைந்து வருடம் முன்னால் இருந்திருந்தால் நாட்செஸ் வழக்கு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இப்போது ஜார்ஜியா மாநிலத்தின் லிபர்ட்டி மாவட்டம். கடலோரம், நெல் விளையும் சதுப்பு நிலம். லிபர்ட்டி என்றால் சுதந்திரம். அடிமைகள் நிறைந்த மாவட்டத்துக்கு அந்தப் பெயர்.

அந்தக் கடலோரத்தில் வேலை வாங்கும் முறை தனி. காலை முதல் இருட்டும் வரை கங்காணியின் கண்முன் குனிந்தே கிடக்க வேண்டும் என்பது பருத்திக் காட்டு வழக்கம். இங்கே ஆளுக்கு ஒரு பங்கு வேலை. இத்தனை நிலம் களை எடு, முடித்தால் போ. பலம் உள்ளவன் பிற்பகலுக்குள் முடித்துவிடுவான். மிச்சப் பொழுது அவனுடையது. அந்த மிச்சப் பொழுதில் அவர்கள் சும்மா படுத்துக் கிடக்கவில்லை. தங்களுக்கென்று ஒதுக்கிய துண்டு நிலத்தில் நெல் போட்டார்கள், சோளம் போட்டார்கள். கோழி வளர்த்தார்கள். கோழியை விற்றுப் பன்றி வாங்கினார்கள். பன்றியை விற்று மாடு. மாட்டை விற்றுக் குதிரை. தேன் பெட்டி வைத்தவர்களும் உண்டு. இருபது வருடம், முப்பது வருடம் இப்படிச் சேர்த்தார்கள். சட்டம் என்ன சொன்னது? அடிமைக்குச் சொத்து கிடையாது, அவன் வைத்திருப்பதெல்லாம் எஜமானருடையது. ஊர் என்ன சொன்னது? அது அவன் குதிரை, அதை யாரும் தொடக் கூடாது. எஜமானரே அதைத் தொடவில்லை. தேவைப்பட்டால் காசு கொடுத்து வாங்கினார்.

1864 டிசம்பரில் வடக்குப் படை வந்தது. தளபதி ஷெர்மன் அட்லாண்டாவிலிருந்து கடல் வரை நடத்திய படையெடுப்பின் கடைசிக் கட்டம். அவருடைய குதிரைப்படை லிபர்ட்டி மாவட்டத்துக்குள் புகுந்தது. விடுதலை கொண்டுவந்த படைதான். ஆனால் படைக்கும் பசிக்குமே! பன்றியை அறுத்தார்கள், கோழியைப் பிடித்தார்கள், நெல்லை அள்ளினார்கள், குதிரையை ஓட்டிப்போனார்கள். எஜமானர் வீட்டிலும் எடுத்தார்கள், அடிமை குடிசையிலும் எடுத்தார்கள். ஒரே நாளில் ஒருவனுக்கு விடுதலை வந்தது, முப்பது வருடச் சேமிப்பு போனது.

1871-ல் நாடாளுமன்றம் ஓர் ஆணையம் அமைத்தது. தென்பகுதி உரிமைக்கோரல் ஆணையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போரின்போது அரசுக்கு விசுவாசமாக இருந்தவர்களிடமிருந்து படை எடுத்துக்கொண்ட பொருளுக்கு ஈடு கொடுப்பது அதன் வேலை. மொத்தம் 22,298 மனுக்கள் குவிந்தன. கேட்ட தொகை 6 கோடி டாலர். பெரும்பாலும் வெள்ளையர் போட்ட மனுக்கள். ஆனால் லிபர்ட்டி மாவட்டத்திலிருந்து முன்னாள் அடிமைகள் வரிசைகட்டி வந்தார்கள். அடிமையாக இருந்தபோது எனக்குச் சொந்தமான பன்றி, எனக்குச் சொந்தமான குதிரை, எனக்குச் சொந்தமான நெல், அதற்கு ஈடு கொடு என்றார்கள்.

கொஞ்சம் நிதானித்து யோசியுங்கள். தானே ஒருவனின் சொத்தாக இருந்தவன், அப்போது எனக்குச் சொத்து இருந்தது என்று அரசிடம் போய்ச் சொல்கிறான். விசாரணை அதிகாரி அச்சடித்த கேள்வித்தாளை வைத்துக்கொண்டு கேட்கிறார். போர் தொடங்கியபோது நீ அடிமையா, சுதந்திரமானவனா? அடிமை. உன் எஜமானர் யார்? பெயரைச் சொல்கிறான். அடிமையான உனக்கு இந்தச் சொத்து எப்படி வந்தது? பங்கு வேலை முடித்து, என் பொழுதில் உழைத்துச் சேர்த்தேன். உன் எஜமானருக்கு இதில் பாத்தியம் உண்டா? கிடையாது.

காகிதம்? ஒன்றும் இல்லை. பட்டா இல்லை, ரசீது இல்லை, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் அரிது. இருந்தது வாக்கு மட்டும்தான். பக்கத்துக் குடிசைக்காரி வந்து சொன்னாள்: அந்தக் குதிரை குட்டியாக வந்தது முதல் எனக்குத் தெரியும். உடன் வேலை செய்தவன் சொன்னான்: படைவீரன் கயிற்றைப் பிடித்து இழுத்தபோது நான் வேலி ஓரமாக நின்றேன். பழைய எஜமானர்கள் சிலரும் வந்து, ஆமாம், அது அவனுடையதுதான், எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம் என்று சாட்சி சொன்னார்கள். டிலன் பென்னிங்ராத் என்ற வரலாற்றாசிரியர் இந்தச் சாட்சியங்களைப் படித்துப் படித்து 2003-ல் ஒரு நூல் எழுதினார். சொத்து என்பது அந்த மக்களுக்குப் பத்திரத்தில் இல்லை, உறவிலும் அண்டை அயலின் கண்ணிலும் இருந்தது என்பது அவர் கண்டது. யாரும் பார்க்காத இடத்தில் கோழி வளர்த்தால் அது உன் கோழி ஆகாது. பத்துப் பேர் பார்க்க வளர்த்தால்தான் உன் கோழி.

ஆணையம் என்ன செய்தது? அந்த ஊர் வழக்கத்தை ஏற்றது. அடிமைக்குச் சொத்து இருந்திருக்க முடியும் என்று அரசு ஆவணத்தில் எழுதியது. பிறகு கணக்குப்பிள்ளை புத்தி வேலை செய்தது. படைக்குத் தேவையான பொருளுக்குத்தான் பணம். பன்றிக்கு உண்டு, நெல்லுக்கு உண்டு, குதிரைக்கு உண்டு. படைவீரன் சுருட்டிக்கொண்டு போன கம்பளிக்குக் கிடையாது, துணிமணிக்குக் கிடையாது, அது திருட்டு, திருட்டுக்கு அரசு பொறுப்பில்லை. கேட்ட தொகையையும் வெட்டினார்கள். நாடு முழுவதும் கேட்ட 6 கோடியில் கொடுத்தது 46 லட்சம் டாலர் அளவுக்குத்தான். ஆனாலும் லிபர்ட்டி மாவட்டத்தில் பன்றிக்கு வழக்குப் போட்டவர்கள் பலர் பன்றிக்குக் காசு வாங்கிக்கொண்டு போனார்கள்.

பன்றிக்குக் கிடைத்தது. நிலத்துக்கு? அங்கேதான் வருகிறது விவகாரம்.

1865 ஜனவரி 16. அதே ஷெர்மன் ஓர் ஆணை போட்டார். களச் சிறப்பாணை எண் 15. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனிலிருந்து ஃப்ளோரிடா வரை, கடலோரத் தீவுகளும் நெல் வயல்களும் விடுதலை பெற்றவர்களுக்கு. குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல். சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். என்ன காகிதம் கொடுத்தார்கள்? அனுபோக பாத்தியச் சீட்டு. இருந்துகொள்ளலாம், பயிர் செய்யலாம், நாடாளுமன்றம் பிறகு முடிவு செய்யும் வரை. வக்கீல்கள் இருந்தால் இப்போதே தலையை ஆட்டுவார்கள். அந்தச் சீட்டு கிரயப் பத்திரம் ஆகாது.

ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் தோற்ற பக்கத்துப் பண்ணையார்களுக்கு மன்னிப்பு வழங்கினார். மன்னிப்போடு நிலமும் திரும்பியது. அக்டோபரில், விடுதலை பெற்றவர்களுக்கான அரசுத் துறையின் தலைவர் தளபதி ஹோவர்ட் தென் கரோலினாவின் எடிஸ்ட்டோ தீவுக்குப் போனார். தேவாலயத்தில் ஜனங்கள் கூடியிருந்தார்கள். நிலத்தைப் பழையவர்களிடம் கொடுத்துவிடுங்கள், அவர்களிடமே கூலிக்கு வேலை செய்யுங்கள் என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல அவருக்கே நா எழவில்லை. கூட்டத்தில் ஒரே கூச்சல். ஹென்றி பிராம், இஷ்மாயில் மோல்ட்ரி, யேட்ஸ் சாம்ப்சன் என்ற மூவர் குழுவாக இருந்து எழுத்தில் மனுப் போட்டார்கள். ஹோவர்டுக்கு ஒன்று, ஜனாதிபதிக்கு ஒன்று. நாங்கள் அரசுக்கு உண்மையாக இருந்தோம், அவர்கள் அரசை எதிர்த்துச் சண்டை போட்டார்கள், நிலம் அவர்களுக்கா என்று கேட்டார்கள். இதற்கு என்ன பதில் இருக்கிறது? இன்று வரை இல்லை. நிலம் போய்விட்டது.

எடிஸ்ட்டோவிலிருந்து அதே கடலோரமாகத் தெற்கே கொஞ்ச தூரம் போனால் போஃபர்ட் என்ற ஊர். அதே மாநிலம், அதே போர், அதே மாதிரி ஜனங்கள். அங்கே கதை தலைகீழ். அதை விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

போஃபர்டில், 1839-ல், ஒரு பெரிய வீட்டின் பின்கட்டுக் குடிசையில் ஓர் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ். வளர்ந்து சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் கப்பல் ஓட்டப் பழகினார். 1862 மே 13, விடியாத நேரம். வெள்ளைக்கார அதிகாரிகள் கரையில் தூங்கப் போயிருந்தார்கள். 'ப்ளாண்டர்' என்ற தென்பகுதிப் படைக்கப்பலை ஸ்மால்ஸும் உடனிருந்த அடிமைகளும் ஓட்டிக் கிளம்பினார்கள். மனைவி மக்களையும் ஏற்றிக்கொண்டார்கள். கோட்டைகளைத் தாண்டும்போது கேப்டனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கொடுக்க வேண்டிய சமிக்ஞையைக் கொடுத்து, வெளியே காத்திருந்த வடக்குக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். வெகுமதி கிடைத்தது. அந்தப் பணத்தோடு ஊர் திரும்பினார்.

ஊரில் என்ன நடந்திருந்தது? 1861 நவம்பரிலேயே வடக்குக் கடற்படை அந்தப் பகுதியைப் பிடித்துவிட்டது. வெள்ளையர் வீடு வாசலைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். 1862-ல் நாடாளுமன்றம் ஒரு வரிச் சட்டம் போட்டது. வரி கட்டு, கட்டாவிட்டால் ஏலம். ஓடிப்போனவன் எங்கே வந்து வரி கட்டுவான்? நிலம் ஏலத்துக்கு வந்தது. வடக்கிலிருந்து வந்த வியாபாரிகள் வாங்கினார்கள். விடுதலையானவர்களும் சேர்ந்து வாங்கினார்கள், சில நிலங்கள் கறுப்பினக் குடும்பத் தலைவர்களுக்கென்றே ஒதுக்கி ஏக்கர் ஒன்றரை டாலருக்கு விற்கப்பட்டன. ராபர்ட் ஸ்மால்ஸ் எதை ஏலத்தில் எடுத்தார் தெரியுமா? தான் எந்த வீட்டின் பின்கட்டில் பிறந்தாரோ அந்த வீட்டையே எடுத்தார்.

போர் முடிந்தது. வீட்டின் பழைய உரிமைத் தரப்பிலிருந்து டி ட்ரெவில் என்பவர் வழக்குப் போட்டார். ஏலம் செல்லாது, வீட்டை விட்டு வெளியேறு. கீழ்நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றம் வரை போனார். டி ட்ரெவில் எதிர் ஸ்மால்ஸ், 1878. பிரதிவாதி முன்னாள் அடிமை, அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். அவர் கையில் என்ன காகிதம்? வரி அதிகாரிகள் கொடுத்த ஏலச் சான்று. நீதிபதிகள் என்ன சொன்னார்கள்? இந்தச் சான்று போதும். நிலத்துக்கு வரியே கிடையாது என்று காட்டு, அல்லது வரியைக் கட்டிவிட்டாய் என்று காட்டு, அல்லது மீட்டுக்கொண்டாய் என்று காட்டு. காட்ட முடியாதா? வழக்குத் தள்ளுபடி.

அந்தத் தீர்ப்பு ஒரு வீட்டுக்கு மட்டும் எழுதியது இல்லை. ஸ்மால்ஸ் தோற்றிருந்தால் சுற்றுவட்டாரத் தீவுகளில் பத்து ஏக்கர், இருபது ஏக்கர் வாங்கியிருந்த விடுதலையான குடும்பங்கள் எல்லாம் தெருவுக்கு வந்திருக்கும். எடிஸ்ட்டோக்காரன் கையில் இருந்தது ஒரு தளபதியின் ஆணை. போஃபர்ட்காரன் கையில் இருந்தது நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ், காசு கொடுத்து வாங்கிய சான்று. முன்னதை ஒரு ஜனாதிபதி ஒரு கையெழுத்தில் கலைத்தார். பின்னதை உச்ச நீதிமன்றம் காத்தது. 1895-ல் தென் கரோலினா புதிய அரசியல் சாசனம் எழுதிக் கறுப்பின மக்களின் ஓட்டைப் பறித்தது. அதை எழுதிய அவையில் எழுந்து எதிர்த்துப் பேசிய ஆறு கறுப்பின உறுப்பினர்களில் ஸ்மால்ஸ் ஒருவர். ஓட்டு போனது. வீடு போகவில்லை. 1915-ல் அந்த வீட்டிலேயே கண் மூடினார்.

ஏன் இந்த வித்தியாசம்? பதில் சொல்லுமுன் இன்னொரு வழக்கு. இதையும் கேளுங்கள்.

ஜார்ஜியாவின் ஹான்காக் மாவட்டத்தில் டேவிட் டிக்சன் என்ற பெரும் பண்ணையார். அவர் வீட்டில் ஜூலியா என்ற அடிமைச் சிறுமி. பன்னிரண்டு, பதின்மூன்று வயது. நாற்பது வயதான டிக்சன் அவளைக் கெடுத்தார். 1849-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அமாண்டா அமெரிக்கா டிக்சன் என்று பெயர். அந்தக் குழந்தையைத் தன் வீட்டிலேயே வளர்த்தார், படிக்க வைத்தார். 1885-ல் இறந்தபோது சொத்தின் பெரும்பகுதியை அமாண்டாவுக்கு உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார். மூன்று லட்சம் டாலருக்கு மேல் மதிப்பு. வெள்ளைக்காரச் சொந்தக்காரர்கள் 79 பேர் கிளம்பினார்கள். எழுபத்தொன்பது பேர்! கிழவனை மயக்கி எழுதி வாங்கிவிட்டார்கள், உயில் செல்லாது என்றார்கள். வெள்ளையர்களே நிறைந்த ஜூரி அமாண்டா பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1887-ல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சொத்துரிமையில் இனத்துக்கு இனம் வித்தியாசம் இல்லை என்றது. அமாண்டா ஆகஸ்டா நகரில் டெல்ஃபேர் தெருவில் ஒரு மாளிகை வாங்கிக் குடிபோனார்.

மகிழ்ச்சியான செய்தி என்று கை தட்டலாம். நான் தட்ட மாட்டேன். அந்தத் தீர்ப்பில் வென்றது யார்? அமாண்டா வென்றார், சரி. அவருக்கும் முன்னால் வென்றது செத்துப்போன டேவிட் டிக்சன். ஒரு வெள்ளைக்காரப் பண்ணையார் தன் சொத்தைத் தன் இஷ்டப்படி கொடுக்கும் உரிமை. இந்த உயிலை உடைத்தால் நாளைக்கு எந்தப் பண்ணையாரின் உயிலும் நிற்காது. நீதிபதிகளுக்கு அது தெரியாதா? அந்தச் சிறுமி ஜூலியாவுக்கு நடந்ததை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. விசாரிக்கச் சட்டத்தில் இடமும் இல்லை.

இப்போது என் பதில். வெள்ளையருக்கும் சேர்த்து எந்த உரிமை தேவைப்பட்டதோ, அந்த உரிமையைப் பிடித்துக்கொண்டு போன கறுப்பினத்தவருக்குக் கதவு திறந்தது. நாட்செஸ் நாவிதர் கொடுத்த கடன் செல்லாது என்றால் ஊரில் யார் கடன் கொடுப்பார்கள்? ஸ்மால்ஸின் ஏலச் சான்று செல்லாது என்றால் வடக்கு வியாபாரி வாங்கிய நிலம் என்ன ஆகும்? டிக்சனின் உயிலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். லிபர்ட்டி மாவட்டப் பன்றிக்குக் கூட அதே ஆணையத்தில் வெள்ளையரின் பன்றி பக்கத்தில் நின்றது. எடிஸ்ட்டோ ஜனங்கள் கேட்டதில் வேறு யாருடைய நலனும் கலந்திருக்கவில்லை. உழைத்தவனுக்கு நிலம் என்பது மட்டும்தான் இருந்தது.

அப்படியானால் இந்த வழக்குகளால் என்ன பயன் என்று கேட்பீர்கள். மெலிசா மிலெவ்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர் 1865 முதல் 1950 வரை எட்டுத் தென்மாநில உச்ச நீதிமன்றங்களில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் எதிரெதிரே நின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிவில் வழக்குகளை எண்ணிப் பார்த்தார். பாதிக்கு மேல் கறுப்பினத்தவர் வென்றிருக்கிறார்கள். ஓட்டு இல்லாத காலம். கும்பல் மரத்தில் தூக்கிலிட்ட காலம். அந்தக் காலத்தில் வென்றிருக்கிறார்கள். வாதத்தை எப்படி வைத்தால் அந்த நீதிபதியின் காதில் ஏறும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எஜமானர் வீட்டுத் திண்ணையில் நின்று கடன், அடமானம், ஏலம், உயில் எல்லாவற்றையும் கேட்டு வளர்ந்தவர்கள். தங்களையே அடமானம் வைத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். சட்டம் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அரசையே எதிர்த்து நின்றவர்களுக்கு என்ன நடந்தது? டென்னசியில் கேலி ஹவுஸ் என்று ஒரு பெண். அடிமையாகப் பிறந்தவர், துணி துவைத்துப் பிழைத்தவர், விதவை. முன்னாள் அடிமைகளுக்கு ஓய்வூதியம் வேண்டும் என்று ஊர் ஊராகச் சங்கம் கட்டினார். 1915-ல் அந்தச் சங்கத்தார் கருவூலத்தின் மீது வழக்குப் போட்டார்கள். 1862 முதல் 1868 வரை பருத்தி மீது அரசு வசூலித்த வரி 6,80,73,388 டாலர் 99 சென்ட். அந்தப் பருத்தியை விளைவித்தது நாங்கள், அந்தப் பணம் எங்களுடையது. சென்ட் கணக்கு வரை எழுதியிருக்கிறார்கள், பாருங்கள். நீதிமன்றம் வழக்கின் உள்ளே போகவே இல்லை. அரசின் சம்மதம் இல்லாமல் அரசின் மீது வழக்குத் தொடர முடியாது, தள்ளுபடி. மேல்முறையீட்டிலும் அதேதான். அதோடு விட்டார்களா? தபால் வழியாக மோசடி செய்தார் என்று கேலி ஹவுஸ் மீதே வழக்குத் தொடர்ந்து 1917-ல் சிறைக்கு அனுப்பினார்கள்.

கடைசியாக ஒரு விஷயம். இது பழங்கதை இல்லை.

1910 வாக்கில் அமெரிக்காவில் கறுப்பின விவசாயிகளுக்கு ஒன்றரைக் கோடி ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தது. பிறகு அதில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. மிரட்டிப் பறித்தது உண்டு, கடனில் போனது உண்டு. ஆனால் நீதிமன்றத்தின் வழியாகவே, எல்லாம் சட்டப்படியே போனதும் உண்டு. அது எப்படி என்று சொல்கிறேன், நம் ஊர்க் குடும்பங்களுக்கும் புரியும். தாத்தா நிலம் வாங்கினார். உயில் எழுதவில்லை. வக்கீலிடமும் பதிவு அலுவலகத்திடமும் நம்பிக்கை இல்லை, வாய்ச்சொல்லே போதும் என்று இருந்துவிட்டார். நிலம் பிள்ளைகளுக்கு, பேரன்களுக்கு, கொள்ளுப்பேரன்களுக்குப் பொதுவில் கிடக்கிறது. ஒரு பேரன் சிகாகோவில் இருக்கிறான், நிலத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. கட்டுமான வியாபாரி அவனிடம் போய் அவன் பங்கை மலிவாக வாங்கிவிடுகிறான். இப்போது வியாபாரியும் பங்காளி. பங்காளி என்ற முறையில் பாகப்பிரிவினை வழக்குப் போடுகிறான். இத்தனை பேருக்குத் துண்டு போட முடியாது, விற்றுப் பணத்தைப் பிரி என்கிறது நீதிமன்றம். ஏலம். ஏலத்தில் அந்த வியாபாரியே எடுக்கிறான். தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவுக்கு 1956-ல் பாலம் வந்தது. உல்லாச விடுதிகள் வந்தன. விடுதலைக்குப் பிறகு வாங்கிய நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் பலர் இப்படித்தான் வெளியேறினார்கள். லிபர்ட்டி மாவட்டத்தில் காகிதம் இல்லாதவனுக்கு ஊரின் வாக்கு கைகொடுத்தது என்றேனே, இங்கே ஊரே திரண்டு வந்து சாட்சி சொன்னாலும் அந்த வாக்குக்கு மதிப்பில்லை.

இதைத் தடுக்க 2010-ல் மாதிரிச் சட்டம் ஒன்று எழுதப்பட்டது. மாநிலம் மாநிலமாக ஏற்க வேண்டும். தென் கரோலினா 2016-ல் ஏற்றது. அந்த மாநிலம் அந்தச் சட்டத்துக்குக் கிளமெண்டா பிங்க்னியின் பெயரை வைத்தது. அவர் கறுப்பினப் போதகர், அந்தக் கடலோரத் தொகுதியின் மாநிலச் செனட்டர், 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் விவிலிய வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது இனவெறியன் ஒருவனால் சுடப்பட்டு இறந்த ஒன்பது பேரில் ஒருவர். ஒரு பங்காளி விற்பனை கேட்டு வழக்குப் போட்டால், நிலத்தை முதலில் மதிப்பிட வேண்டும். அவன் பங்கை அந்த மதிப்பில் வாங்கிக்கொள்ள மற்ற வாரிசுகளுக்கு முதல் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் வெளியாருக்கு விற்பனை. இந்தச் சட்டம் அங்கே 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.